கையேடு எழுதுபவருக்கு என்ன தெரியும்?

இன்னைக்கு கொடைக்கானல் போறோம். ஏரிக்கு இல்ல, மலை மேல இருக்கற சூரிய ஆய்வகத்துக்கு.

அதுக்கு முன்னாடி ஒரு கேள்வி. நான் சாஃப்ட்வேர் கம்பெனியில உதவிப் பக்கங்கள் எழுதுறவன். ஒரு மீட்டிங்ல, "இந்த ஸ்கிரீன் ஆளுங்களைக் குழப்பும்"னு சொன்னேன். "டிசைனை நாங்க பார்த்துக்கறோம், நீங்க எழுதிக் குடுங்க போதும்"னு பதில் வந்துச்சு. எழுதுறவனுக்கு அதைச் சொல்லத் தகுதி இல்லையா?

1907இல் ஜான் எவர்ஷெட் கொடைக்கானல் ஆய்வகத்துக்கு வந்தார். 1909 ஜனவரியில், சூரியப் புள்ளியின் ஓரப் பகுதியில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டறிந்தார். அதற்கு இன்றும் 'எவர்ஷெட் விளைவு' என்றே பெயர். வழக்கமா கதை இங்கேயே முடிஞ்சிடும். ஆனா அவரோட மனைவி மேரியைப் பத்தித்தான் நான் பேச வந்தேன்.

மேரி 1890இல் குடும்பத்துடன் ஆஸ்திரேலியா போனவர். தலைக்கு மேல் பழகாத தென்வானம். அதைப் படிக்க நல்ல வழிகாட்டி நூல் இல்லை. ஜான் டெபட் என்ற வானியலாளர் ஊக்கம் கொடுக்க, தானே ஒன்றை எழுதினார். 'எளிய வழிகாட்டி' என்பது அதன் தலைப்பிலேயே இருக்கிறது. நூல் இல்லாமல் தேடி அலைந்தவர் என்பதால், புதிதாக வருபவருக்கு என்ன தேவை என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

ஆனால் அவர் எழுத்தோடு நிற்கவில்லை. கொடைக்கானலில் சூரியத் தீப்பிழம்புகளை ஆராய்ந்தார். சூரியப் புள்ளிகளோடு தொடர்புடைய பிழம்புகள் பற்றி 1913இல் தன் பெயரிலேயே ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். 1917இல் கணவரோடு சேர்ந்து ஆய்வக வெளியீடு ஒன்றும் எழுதினார். பிறகு இங்கிலாந்தில், நிலவின் பள்ளங்களுக்குப் பெயர் தந்தவர்கள் யார் என்று விளக்கும் நூலை 1938இல் தொகுத்தளித்த குழுவுக்குத் தலைமை தாங்கினார்.

இதுல எனக்குக் கிடைச்ச பதில் ரெண்டு பாதி. ஒரு பட்டனை விளக்க எனக்கு மூணு பத்தி தேவைப்பட்டா, கோளாறு என் பத்தியில இல்ல, பட்டன்ல. அதை முதல்ல பார்க்கறது எழுதுறவன்தான். சொல்ல அவனுக்கு முழு உரிமை இருக்கு. ஆனா, பதிலுக்கு என்ன வைக்கலாம்னு சொல்லணும்னா எழுத்து மட்டும் பத்தாது. மேரி தொலைநோக்கிப் பதிவுகள்கிட்ட போன மாதிரி, நானும் பயன்படுத்துறவங்க பக்கத்துல உக்காந்து பார்க்கணும்.

அன்னைக்கு மீட்டிங்ல என் கருத்தை மட்டும்தான் கொண்டு போனேன். அடுத்த முறை, நாலு பேர் அந்த ஸ்கிரீன்ல எங்க தடுக்கி நின்னாங்கங்கற குறிப்பையும் கொண்டு போகப் போறேன்.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்!