கொல்லுப்பட்டறையில் பழைய இரும்பு (சென்னை)

கொல்லுப்பட்டறைக்கு வேண்டிய கருவிகளையும் எஃகையும் காயலான் கடைகளிலும் வாகன உதிரிபாகச் சந்தைகளிலும் தேடி வாங்கி, மறுபயனுக்குக் கொண்டுவரும் வழக்கம் சென்னையில் நெடுங்காலமாக உள்ளது. கடப்பாரைக்குக் கூர் தட்டுவது, உளி அடிப்பது, நொச்சிக்குப்பம் மீன் வியாபாரிகள் கேட்கும் கத்தி, அரிவாள்மணை செய்வது போன்ற வேலைகளுக்குப் புது எஃகு கட்டுப்படியாவதில்லை. ஓர் இரும்புத் துண்டு முன்பு என்ன வேலை பார்த்தது என்பதை வைத்தே, இனி அது எதற்கு உதவும் என்று கொல்லர் முடிவு செய்கிறார்.

கிடைக்கும் இடங்கள்

சென்னையில் பழைய பொருள்களுக்குப் பேர்போன இடமாக இருந்தது மூர் மார்க்கெட். 1900-இல் திறக்கப்பட்ட அக்கட்டடம் 1985 மே மாதத் தீயில் அழிந்தது. இரும்பைப் பொறுத்தவரை இன்றைய முதன்மைச் சந்தை எழும்பூரை அடுத்து, கூவம் கரையிலுள்ள புதுப்பேட்டை. கழித்துக் கட்டிய வாகனங்கள் அங்கே பாகம் பாகமாகப் பிரிக்கப்படுகின்றன. ஸ்பிரிங் பட்டை, ஆக்சில், பிரேக் டிரம், பேரிங் என வகைவாரியாகக் கிடைப்பதால், எந்தப் பாகம் எந்த வண்டியில் இருந்தது என்பதை அங்கேயே கேட்டுக்கொள்ளலாம்.

மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு பகுதிகளில் அடுக்குமாடிக்காக இடிக்கப்படும் பழைய வீடுகளின் சன்னல் கம்பிகளும் கதவுக் கீல்களும் அக்கம்பக்கக் காயலான் கடைகளுக்கு வந்து சேர்கின்றன. மூடப்படும் சிறு தொழிற்கூடங்களிலிருந்து வைஸ், அரம், சம்மட்டித் தலை போன்றவை எடைக்கு வருவதுண்டு.

பட்டறைச் சாமான்கள்

பட்டடை: விலை கூடிய சாமான் இதுவே. இதற்கு மாற்றாகத் தண்டவாளத் துண்டு பயன்படுகிறது. மீட்டருக்கு 52 கிலோ எடையுள்ள தண்டவாளத்தில் ஓரடித் துண்டு சுமார் 16 கிலோ இருக்கும். அதைப் படுக்கவைத்தால் நடுவிலுள்ள மெல்லிய தண்டு அதிர்ந்து அடியின் வேகத்தைத் தின்றுவிடும். செங்குத்தாக நிறுத்தினால் முழு எடையும் சம்மட்டிக்கு நேர்க்கீழே அமையும். ஆனால் அடிக்கும் பரப்பு குறுகலாகிவிடும். அடியில் வைக்க, இறைச்சிக் கடைகளில் உள்ளது போன்ற புளியங்கட்டை ஏற்றது. பழைய பட்டடையே கிடைத்தால், அதன் முகத்தில் ஒரு பேரிங் குண்டைப் போட்டுப் பார்ப்பார்கள். குண்டு நன்றாக எம்பினால் முகம் கடினமாக இருக்கிறது. சில இடங்களில் மட்டும் எம்பாமல் போனால், அங்கே விரிசலோ மென்மையோ இருக்கக்கூடும்.

உலை: லாரி பிரேக் டிரம் ஆயத்த உலைப் பாத்திரமாகிறது. நடுத்துளையில் காற்றுக் குழாயைப் பொருத்தி, துருத்திக்குப் பதிலாகச் சிறு ப்ளோயர் வைத்தால் போதும். டிரம் வார்ப்பிரும்பு என்பதால் சூட்டோடு தண்ணீர் ஊற்றினால் வெடித்துவிடும். எரிபொருளாகத் தென்மாவட்டங்களில் சுடப்படும் சீமைக் கருவேலங்கரி கிடைக்கிறது.

வைஸ்: தாடையைவிடத் திருகுமரையைத்தான் முதலில் பார்க்க வேண்டும். தேய்ந்த தாடையை மாற்றலாம். தேய்ந்த மரையைச் சரிசெய்யும் செலவு பெரும்பாலும் வாங்கிய விலையைத் தாண்டிவிடும்.

எஃகைத் தேர்ந்தெடுத்தல்

லாரி ஸ்பிரிங் பட்டையில் கரிமம் 0.5 முதல் 0.6 விழுக்காடு வரை இருக்கும். வளைந்து நிமிர்ந்தே பழகிய எஃகு என்பதால் அரிவாளுக்கும் உளிக்கும் அதுவே முதல் தேர்வு. பேரிங் எஃகில் கரிமம் சுமார் 1 விழுக்காடு, குரோமியம் சுமார் 1.5 விழுக்காடு, கூர் நெடுநாள் நிற்கும், ஆனால் அடித்து நீட்டுவது கடினம். பழைய அரம் கத்திக்கு ஆகும். அதன் பற்களை முழுதும் தேய்த்தெடுக்காவிட்டால் அங்கிருந்தே விரிசல் கிளம்பும். சன்னல் கம்பி மென்மையானது. கொக்கி, கீல், பிடிக்கு ஏற்றது, வெட்டுக் கருவிக்கு ஆகாது.

பிறப்புத் தெரியாத துண்டைக் கிரைண்டரில் தொட்டுப் பார்ப்பது வழக்கம். மென்மையான இரும்பில் பொறி நீண்ட கோடாக ஓடும். கரிமம் கூடக்கூட நட்சத்திரமாகச் சிதறும். அடுத்த சோதனைக்கு ஒரு சிறு துண்டைக் காந்தம் ஒட்டாத சூட்டுக்கு, அதாவது 770 டிகிரி செல்சியசுக்குச் சற்று மேலே கொண்டுபோய் எண்ணெயில் நனைக்க வேண்டும். பிறகு அதன்மேல் அரம் வழுக்கினால் எஃகு கடினமாகியிருக்கிறது. பல ஆண்டு ஓடிய ஸ்பிரிங்கில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம் என்பதால், உடைந்த பட்டையைவிடக் கழற்றிப்போட்ட முழுப் பட்டை மேல்.

பாதுகாப்பும் சட்டமும்

துத்தநாகம் பூசிய ஜி.ஐ. குழாயை உலையில் வைக்கக் கூடாது; துத்தநாகம் 907 டிகிரியில் கொதித்து, அதன் புகை காய்ச்சலும் நடுக்கமும் உண்டாக்கும். ஷாக் அப்சார்பர் போன்ற மூடிய உருளைகள் சூட்டில் வெடிக்கும்.

தண்டவாளத்துக்கு மட்டும் ரசீது கட்டாயம் என்று வைத்துக்கொள்ள வேண்டும். ரயில்வே தன் கழிவு இரும்பை ஏலத்தில் விற்கிறது. அவ்வழியில் வந்ததற்குச் சான்று இல்லாத துண்டு, 1966-ஆம் ஆண்டின் ரயில்வே சொத்துச் சட்டத்தின்கீழ் வழக்காகலாம். முதல் குற்றத்துக்கே 5 ஆண்டு வரை சிறை உண்டு. ஏலம் எடுத்தவரின் ரசீது காட்டாத கடையில், தண்டவாளத்துக்குப் பதில் தடித்த ஆக்சில் துண்டோ எஃகுப் பாளமோ வாங்குவதே நல்லது.