குழிப்பந்து மட்டையும் நமது பால்மரமும்



ஈப்போவில் சுல்தான் அஸ்லான் ஷா சாலை வழியாகச் செல்வோர் அரச பேரா குழிப்பந்துக் கழகத்தின் பசுந்திடலைக் கண்டிருப்பீர்கள். குழிப்பந்து என்பது கோல்ப் ஆட்டந்தான். தோட்டத் துரைமார்கள் அதனை ஆடினார்கள், நம் பிள்ளைகள் சிலர் அவர்களின் மட்டைப் பையைச் சுமந்து பின்னால் நடந்தார்கள், அத்தோடு நமக்கும் அவ்வாட்டத்திற்கும் உள்ள தொடர்பு முடிந்தது என்பதே பலரின் எண்ணம். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த மட்டையின் வடிவம் மாறிவந்த வரலாற்றை எடுத்துப் பார்த்தால், மலாயாக் காட்டு மரத்தின் பாலும் பின்னர் நம் முன்னோர் சீவிய மரத்தின் பாலும் அதற்குள் இருக்கின்றன. பாடநூலில் இடம்பெறாத செய்தி என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஸ்காட்லாந்தில் தொடக்க காலப் பந்து, தோல் உறைக்குள் இறகைத் திணித்துத் தைக்கப்பட்டது. தேர்ந்த கைவினைஞர் ஒருவர் நாளொன்றுக்கு மூன்று, நான்கு பந்துகளே செய்ய முடியும். ஆகவே விலை மிகுதி. இரும்பு மட்டை தவறிப் பட்டால் தோல் கிழிந்துவிடும். அதனால் நீண்டு ஒடுங்கிய மூக்குடைய மரத்தலை மட்டைகளே பெரும்பாலும் பயன்பட்டன. அந்த ஒடுங்கிய முகத்தில் நடுவிடம் என்பது மிகச் சிறியது. கைதேர்ந்தவர் சமாளித்தார். ஓய்வுநாளில் ஆடியவர் பந்தையும் பணத்தையும் இழந்தார்.

1843-இல் சிங்கப்பூரில் பணியாற்றிய மருத்துவர் வில்லியம் மாண்ட்கோமரி, இங்குள்ள காட்டு மரமொன்றின் பிசினை இலண்டனுக்கு அனுப்பிவைத்தார். மலாய்மொழியில் அது 'கெத்தா பெர்ச்சா'. சுடுநீரில் இளகும், ஆறினால் இறுகும். 1848-ஆம் ஆண்டு வாக்கில் செயின்ட் ஆண்ட்ரூசில் இராபர்ட் பேட்டர்சன் என்னும் மாணவர் அதனை உருட்டிப் பந்தாக்கினார் என்பர். கிழக்கிலிருந்து வந்த திருமால் சிலை ஒன்றைச் சுற்றிப் பொதிந்திருந்த பிசினே அது என்றொரு கதையும் உண்டு. கதை மெய்யோ பொய்யோ, மாணவர்களிடம் சொன்னால் கண் விரியக் கேட்கிறார்கள்!

பந்து மலிந்தது, எளிய மக்களும் ஆட வந்தனர். ஆனால் புதிய பந்து கல்போல் கடினமானது. நீண்ட மூக்கு மட்டைகள் அதனைத் தாங்காமல் பிளந்தன. எனவே மட்டைத் தலை குறுகித் தடித்தது. முகத்தில் தோல் பதித்தனர். இரும்பு மட்டைகளின் பயன்பாடு பெருகியது. 1880-களில் முகம் சற்றே புடைத்த மரமட்டை வந்தது. பந்து நடுவில் படாமல் நுனியில் பட்டால் மட்டைத்தலை கையில் திரும்பும். அப்போது பற்சக்கரம் ஒன்று மற்றொன்றைச் சுழற்றுவதுபோல் பந்து எதிர்ப்பக்கமாகச் சுழலும். வலக்கை ஆட்டக்காரர் நுனியில் அடித்தால் அச்சுழற்சி பந்தை இடப்புறம் வளைக்கும். முகம் புடைத்திருப்பின் பந்து முதலில் வலப்புறம் கிளம்பி, பிறகு வளைந்து நடுவழிக்கு மீளும். கற்றுக்குட்டியின் பிழையை மட்டையே பாதி திருத்திவிடுகிறது. இன்றைய 'டிரைவர்' மட்டையிலும் அந்தப் புடைப்பு உண்டு. தொட்டுப் பாருங்கள், தெரியும்.

கெத்தா எடுக்க மரத்தையே வெட்டிச் சாய்த்தார்கள். ஒரு மரத்தில் கிடைத்ததோ மிகச் சிறிதளவு. பந்துக்காக மட்டுமன்று, கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையிடவே பெரும்பகுதி போயிற்று. பல காடுகளில் அம்மரம் அரிதாகிவிட்டது.

இனி நமது மரத்திற்கு வருவோம். 1877-இல் சிங்கப்பூருக்கு வந்த இரப்பர்க் கன்றுகளில் ஒன்பது, பேராவின் பிரிட்டிஷ் ஆலோசகர் ஹியூ லோவின் முயற்சியால் கோலகங்சாரில் நடப்பட்டன. அவற்றுள் ஒன்று இன்றும் அங்குள்ள மாவட்ட அலுவலகத்தருகே நிற்கிறது. பள்ளிச் சுற்றுலாவில் அரண்மனையையும் பள்ளிவாசலையும் காட்டிவிட்டு அம்மரத்தைக் காட்டாமல் திரும்புவது எனக்குப் பெருங்குறையாகவே படுகிறது.

1898-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் கோபர்ன் ஹாஸ்கல் என்பவர், இழுத்துச் சுற்றிய இரப்பர் நூலை உள்ளே வைத்துப் பந்து செய்யும் வழியைக் கண்டார். தொடக்கத்தில் அதற்கான இரப்பர் காடுகளிலிருந்தே வந்தது. 1910-களில் தோட்ட இரப்பர் காட்டு இரப்பரை விஞ்சியது. டன்லப் நிறுவனம் மலாயாவில் தோட்டங்கள் வாங்கியதும் 1910-இல்தான். அந்நிறுவனம் குழிப்பந்தும் செய்தது. விடியுமுன் பெரட்டுக்கு எழுந்து, பனியில் பால்வெட்டச் சென்ற நம் தாத்தா பாட்டிமார், தாங்கள் சீவிய பால் எந்தத் திடலில் உருள்கிறதென்று அறிந்திருக்க வாய்ப்பில்லை.

அந்த இரப்பர்ப் பந்து சரியாகப் படாவிட்டாலும் துள்ளி ஓடியது. அதனால் மிகுதியும் பயனடைந்தோர் தொழில்முறை சாராதவர்களே. முப்பது வயதைக் கடந்தபின் ஆட்டம் பயின்ற வால்டர் டிராவிஸ், 1901-இல் அப்பந்தைக் கொண்டு அமெரிக்க அமெச்சூர் பட்டத்தை வென்றார். 1904-இல் பிரிட்டனுக்குச் சென்று, தண்டு நடுப்பகுதியை ஒட்டிப் பொருத்தப்பட்ட புதுவகை உருட்டு மட்டையால் அந்நாட்டுப் பட்டத்தையும் பெற்றார். 1910-இல் அவ்வகை மட்டைகளுக்குப் பிரிட்டனில் தடை விதிக்கப்பட்டது. (வெளியூர்க்காரர் வென்ற பிறகு விதியை ஆராய்வது எங்கும் உள்ள வழக்கம் போலும்!)

மட்டை வடிவத்தில் பெரிய மாற்றத்தைச் செய்தவரும் ஒரு பொழுதுபோக்கு ஆட்டக்காரரே. நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் பொறியாளராக இருந்த கார்ஸ்டன் சோல்ஹைம், நாற்பது வயதுக்குமேல் ஆடத் தொடங்கினார். பந்தைக் குழிக்குள் உருட்ட அவருக்கு வரவில்லை. 1959-இல் தாமே ஒரு மட்டை செய்தார். தலையின் நடுவிலிருந்த எடையைப் பிரித்து இரு முனைகளிலும் வைத்தார். அடிக்கும்போது எழுந்த ஓசையே 'பிங்' என்னும் வணிகப் பெயராயிற்று.

இதை விளக்க அறிவியல் கருவி தேவையில்லை. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குக் காண்டா வாளி தெரியும். தோளில் ஒரு கம்பு, இருமுனையிலும் பால் நிறைந்த வாளி. அப்படிச் சுமந்து நிற்பவரைச் சட்டென்று சுழற்ற முடியாது. அதே இரு வாளிகளையும் கம்பின் நடுவே, தோளை ஒட்டி மாட்டினால் எளிதில் திருப்பிவிடலாம். எடை ஒன்றே, அது இருக்கும் இடந்தான் வேறு. முனைகளில் எடையுள்ள மட்டைத்தலை, பந்து ஓரத்தில் பட்டாலும் அதிகம் திரும்பாது. ஆகவே பந்து திசை மாறுவதும் தூரம் குறைவதும் மட்டுப்படும். பின்புறம் குடைந்து ஓரங்களில் எடை சேர்த்த இரும்பு மட்டைகளும் இந்தக் கருத்தில் பிறந்தவையே. 1979-இல் உள்ளீடற்ற எஃகுத் தலை 'டிரைவர்' சந்தைக்கு வந்தது. தலை பெருகிக்கொண்டே போக, 2004-இல் 460 கன செண்டிமீட்டர் என எல்லை வகுத்தனர். பழைய மரத்தலை அதில் பாதிகூட இல்லை.

மட்டை எல்லாவற்றையும் செய்துவிடாது. வீச்சின் திசைக்கு முகம் திறந்திருந்தால் பந்து வலப்புறம் வளைந்தே தீரும். விலையுயர்ந்த மட்டை அவ்வளைவைக் குறைக்கலாம், நீக்காது. வேகம் குறைந்த வீச்சுக்கு முகச்சாய்வு கூடுதலாக வேண்டும். அதை விட்டுவிட்டு வீரர்களைப் பார்த்துச் சாய்வு குறைந்த மட்டையை வாங்குவோரே அதிகம். பெற்றோர்களுக்கு ஒன்று: அப்பாவின் பழைய மட்டையை அறுத்துப் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள். நீளம் குறையுமே தவிர, தலையின் எடை குறையாது, தண்டும் விறைத்துப்போகும். பிள்ளை மட்டையை வீசுவதற்குப் பதில் மட்டை பிள்ளையை இழுத்துச் செல்லும்.

இன்றைய பந்தின் உள்ளே இரப்பர் நூல் இல்லை. 2000-ஆம் ஆண்டுக்குப் பின் செயற்கை இரப்பர்க் கருவே எங்கும் நிலைத்துவிட்டது. தோட்டங்களும் பெரும்பாலும் செம்பனைக்கு மாறிவிட்டன. ஆயினும் மட்டையின் கைப்பிடியில் இயற்கை இரப்பர் இன்னும் கலக்கப்படுகிறது. ஈப்போ வெயிலில் வியர்த்த கை தேய்ந்த பிடியில் வழுக்கும். வழுக்காதிருக்க இறுகப் பற்றுவோம். மணிக்கட்டு விறைத்து, மட்டை முகம் மூடாமல் பந்து வலப்பக்கம் போகும். புது மட்டை வாங்க எண்ணுபவர்கள் முதலில் அந்தப் பிடியை மாற்றிப் பார்க்கலாம். மட்டையின் விலையில் அது மிகச் சிறு பங்கே.