முடவாட்டுக்காலில் முடவன் எங்கே?

ஜவ்வாது மலையில் பாறை இடுக்குகளிலும் மரக்கவைகளிலும் தொற்றி வளரும் பெரணிகளில் ஒன்று முடவாட்டுக்கால். கொல்லிமலைக்கோ ஏற்காட்டுக்கோ போய்வந்தவர்கள் இதைச் சாலையோரக் கடைகளில் பார்த்திருப்பார்கள். சூப்பாகக் குடித்தும் இருப்பார்கள். முடவனையும் எழுந்து நடக்க வைக்கும் ஆட்டுக்கால், அதனால்தான் இந்தப் பெயர் என்று கடைக்காரர் சொல்வார். வியாபாரத்துக்கு நல்ல விளக்கம். இலக்கணத்துக்கு?

ஆட்டுக்காலில் சிக்கல் இல்லை. கையில் எடுத்தாலே ஒப்புமை தெரிந்துவிடும். கிழங்கு என்று அழைத்தாலும் இது கிழங்கல்ல; பாறைமேல் படர்ந்து போகும் சதைப்பற்றான மட்டநிலத்தண்டு. ரோமம்போல் மூடியிருப்பவை பழுப்புச் செதில்கள். அவற்றைச் சுரண்டினால்தான் உள்ளே சமைக்கத்தக்க சதை வரும். மிளகு, சீரகம், பூண்டு தட்டிப்போட்டுக் கொதிக்க வைக்கும் பக்குவமும் ஆட்டுக்கால் சூப்பின் பக்குவமே.

தடுமாற்றம் முற்பகுதியில்தான். முடவன் + ஆட்டுக்கால் முறைப்படி சேர்ந்தால் முடவனாட்டுக்கால் ஆக வேண்டும். அந்த ‘ன்’ எங்கே போயிற்று? நிலைமொழியை முடவன் என்று கொள்ளாமல் முடம் என்று கொண்டால் கணக்கு நேராகிவிடுகிறது. மரம் + அடி என்பது மகரம் கெட்டு, வகர உடம்படுமெய் பெற்று மரவடி ஆவதுபோல, முடம் + ஆட்டுக்கால் முடவாட்டுக்கால் ஆகும். நாம் முடவனுடையது என்று நினைத்த ‘வ’ இரண்டு உயிர்களை ஒட்டவைக்க வந்த எழுத்து.

முடம் என்றாலே ஊனம்தானே என்று கேட்கலாம். வளைவு என்ற பொருளும் அதற்கு உண்டு. சங்க நூல்களில் வரும் முடத்தாழை வளைந்த தாழை. குளிருக்குப் பாயில் முடங்குகிறோம். சுருட்டிய ஓலைக்கு முடங்கல் என்று பெயர். பாறையின் மேடுபள்ளத்துக்கு ஏற்ப வளைந்து நெளிந்து போகும் தண்டுக்கு ‘வளைந்த ஆட்டுக்கால்’ என்ற பெயர் பொருந்துகிறது. முடக்கற்றான் இருக்கிறதே, அதுவும் நோய் தீர்ப்பதால் வந்த பெயர்தானே என்பது நியாயமான எதிர்வாதம். ஆனால் அங்கே ‘அற்றான்’ என்று வேலையைச் சொல்லும் சொல் வெளிப்படையாக நிற்கிறது. இங்கே அப்படி ஒன்றும் இல்லை. என் தீர்ப்பு, இது உருவத்தால் வந்த பெயர்; முடவன் பிறகு வந்து சேர்ந்தவன்.

1753-இல் தாவரவியலாளர் லின்னேயஸ் இதே செடிக்குப் பாலிபோடியம் குவெர்சிஃபோலியம் என்று பெயர் வைத்தார். குவெர்கஸ் லத்தீனில் ஓக் மரம். பின்னால் அமைந்த டிரைனேரியா என்ற பேரினப் பெயரும் ஓக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. ஆக டிரைனேரியா குவெர்சிஃபோலியா என்றால் ஓக்குக்குமேல் ஓக். அந்த மரமோ ஜவ்வாது மலையில் இயல்பாக வளர்வதில்லை! இப்போது சிலர் இதை அக்லயோமார்ஃபா என்ற பேரினத்தில் சேர்க்கிறார்கள். ஓக் ஒன்று குறைகிறது.

ஓக் இலையை நினைவூட்டியது இதன் கூட்டிலை. இந்தப் பெரணிக்கு இருவகை இலைகள். பச்சையாக நீண்டு, ஆழமாகப் பிளவுபட்டு, அடிப்பக்கம் வித்துறைக் கூட்டங்களைத் தாங்குபவை ஒருவகை. கடும் வறட்சியில் அவை உதிர்ந்துவிடும். காம்பில்லாமல் தண்டைக் கூடுபோல் அணைத்து நிற்கும் குட்டையான கூட்டிலைகள் இன்னொரு வகை. அவை சீக்கிரமே பழுத்து உலர்ந்தாலும் உதிர்வதில்லை. மேலிருந்து விழும் சருகையும் தூசியையும் பிடித்துவைத்து மட்கவைக்கும். மண்ணில்லாத பாறையில் செடி தனக்கான மண்ணைச் சேர்த்துக்கொள்ளும் வழி அது. லின்னேயஸ் பார்த்தது இலையை. சமைப்பவர்கள் பார்த்தது தண்டை.

லின்னேயஸுக்கு முன்பே, மலபார்ச் செடிகளைப் பற்றிய ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ் நூலின் 1693-இல் வெளிவந்த பன்னிரண்டாம் தொகுதி இதைப் ‘பன்ன கெழெங்கு மரவாழ’ என்று மலையாள வழக்கில் பதிந்திருக்கிறது. பன்ன என்றால் பெரணி. மரவாழ, மரத்தில் தொற்றி வாழும் செடிகளுக்கான பொதுப்பெயர். ஆடும் இல்லை, ஓக்கும் இல்லை. மூன்றில் செடியின் வாழ்க்கையைச் சொல்வது இந்தப் பெயர் ஒன்றுதான்.

கடையில் வெல்வது முடவன் கதையே. மூட்டுவலிக்காரர் அதை நம்பித்தான் வாங்குகிறார். விற்கப்படுவதோ செடியின் முதுகெலும்பு. முழுத் தண்டையும் பெயர்த்தால் அந்தப் பாறையில் அது முடிந்தது. வளர்நுனியோடு ஒரு துண்டை விட்டுவைத்தால் மழைக்குத் திரும்பத் துளிர்க்கும்.