ஏரிக்கடியில் கிடந்த மாட்டு மயிர்

2002இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஒரு ஏரியின் மூலையைத் தோண்டத் தொடங்கினார்கள். கப்பலோ புதையலோ தேடி இல்லை. தோண்ட வேண்டியிருந்தது நஞ்சேறிய சேறு. அதுக்குள்ளே தோல் துண்டுகளும் மாட்டு மயிரும் உக்காமல் கிடந்தன. அந்த மூலைக்கு ‘டனரி பே’ என்று பெயர். எங்கட தமிழில் தோல் ஆலைக் குடா என்று சொல்லலாம்.

கைத்தொழில் வளர்ச்சி என்றால் பாடப்புத்தகத்தில் எங்களுக்கு வருவது மன்செஸ்டரும் புகைக்கூடும்தான். வைட்ஹால் மாதிரி மூவாயிரம் பேர்கூட இல்லாத ஊர்கள் அதில் வராது. அதனால்தான் இந்த ஊரைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்க நினைச்சம்.

வைட்ஹால் இருப்பது வைட் லேக் கரையில். அந்த ஏரித் தண்ணி ஒரு கால்வாய் வழியாக மிச்சிகன் பேரேரிக்குள் போகிறது. 19ஆம் நூற்றாண்டில் அங்கே மரம் அரிகிறதுதான் பிழைப்பு. சுற்றுக் காடுகளில் ஹெம்லொக் என்ற ஊசியிலை மரமும் நின்றது. அதன் பட்டையில் தனின் நிறைய. பச்சைத்தோலை அழுகாத தோலாக மாற்றுவது இந்தத் தனின்தான். தமிழ்நாட்டில் ஆவாரம்பட்டை செய்த வேலையை அங்கே ஹெம்லொக் செய்தது. 1865 டிசம்பரில் பேரேரியின் மற்றக் கரையில், சிக்காகோவில், பெரிய மாட்டுத்தொழுவங்களும் இறைச்சிச் சந்தையும் திறந்தன. 1866இல் வைட்ஹாலில் தோல் ஆலை தொடங்கியது. இரண்டும் தற்செயலாக ஒட்டி வந்தவை என்று எங்களுக்குத் தோணேல்ல.

வேலை இலேசானதில்லை. தோலைச் சுண்ணாம்பில் ஊறவைத்து மயிரை உரிக்க வேணும், ஒட்டின சதையைச் சுரண்ட வேணும். பிறகு பட்டைச்சாறு நிரப்பின தொட்டிகளில், மெல்லிய சாற்றிலிருந்து கடும் சாற்றுக்கு மாற்றி மாற்றிப் போடவேணும். சப்பாத்தின் அடித்தோலுக்கு இது மாதக்கணக்கில் இழுக்கும்.

1940களில் ஆலை ஒரு பெரிய சப்பாத்துக் கம்பனியின் கைக்குப் போனது. பட்டை போய் குரோமியம் உப்பு வந்தது. மாதக்கணக்கு நாட்கணக்காச்சு. குரோமியத்தோடு ஆசனிக்கும் இரசமும் கழிவில் சேர்ந்தன. பட்டைக் காலம் சுத்தமான காலம் என்று ஏங்கத் தேவையில்லை. சுண்ணாம்பும் சதையும் மயிரும் அப்பவும் எங்கேயோ போகத்தானே வேணும்? ஆனால் அழுகிற குப்பை வேறு, உலோகம் வேறு. உலோகம் அழுகாது. அது அடிச்சேற்றில் இருந்து புழுவுக்குப் போகும், புழுவைத் தின்ற மீனுக்குப் போகும்.

1970கள் வரைக்கும் அந்தக் கழிவு ஏரிக்குள்தான் போனது. ஊர்ச் சனத்துக்கு நாத்தம் தெரியாமலா இருந்திருக்கும்? சின்ன ஊரில் அந்த நாத்தம்தான் சம்பளம். ஆலையைப் பற்றி வாய் திறக்கிறவரின் தமையனோ மச்சானோ அங்கேதான் வேலை செய்துகொண்டிருப்பார். வெளியில் இருந்துகொண்டு “ஏன் அவங்கள் பேசேல்ல?” என்று கேட்பது சுகம்.

எங்களை நின்று யோசிக்க வைத்தது இன்னொன்று. எங்கட சமூகத்தில் தோல் வேலை என்றவுடனே சாதி வந்து நிற்கும். செருப்பைப் போடுகிறவன் சுத்தம், செய்கிறவன் தீட்டு. வைட்ஹால் கதையிலும் சப்பாத்துப் போட்டவர்கள் தூரத்தில், எங்கெங்கோ நகரங்களில் இருந்தார்கள். அழுக்கு அந்தக் குடாவில் இறங்கியது. இரண்டும் ஒன்றில்லை. ஒரு மனுசரைப் பரம்பரையாக ஒதுக்கி வைப்பதை ஏரிச்சேற்றோடு ஒப்பிட முடியாது. எண்டாலும் பொருளை வாங்கி, அதன் அழுக்கை வேறு ஆக்களிடம் விடுகிற அந்தப் பழக்கம் எங்களுக்குத் தெரிந்த பழக்கம்தான்.

1980களில் அமெரிக்காவும் கனடாவும் பேரேரிகளைச் சுற்றி மோசமாகக் கெட்ட இடங்களைப் பட்டியலிட்டபோது வைட் லேக்கும் உள்ளே வந்தது. கடைசியில் அந்தப் பட்டியல் 43 இடங்களாகியது. குற்றம் தோல் ஆலையினது மட்டுமில்லை. எதிர்க்கரையில் மொண்டேக் ஊரில் இருந்த இரசாயனத் தொழிற்சாலை நிலத்தடி நீரையே கெடுத்திருந்தது. 2000இல் தோல் ஆலை மூடப்பட்டது. 134 வருசத்து வேலை அதோடு போச்சு. 2002, 2003இல் குடாவின் சேற்றை அள்ளினார்கள். 2014 ஒக்டோபரில்தான் வைட் லேக்கின் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள்.

கணக்கைப் பாருங்கள்: குரோமியக் கழிவு ஏரிக்குள் போனது ஏறத்தாழ முப்பது வருசம். அது நின்ற பிறகு ஏரி தேறி வர நாற்பது வருசமளவில் பிடித்திருக்கிறது. அதுவும் காசும் சட்டமும் இருக்கிற ஒரு நாட்டில், கரையிலேயே குடியிருந்த சனம் விடாமல் கூட்டம் போட்டு நச்சரித்த பிறகு.

ஆலை இப்ப இல்லை. குடாவின் பெயரை மட்டும் ஒருத்தரும் மாற்றேல்ல.