அறுத்துக் கட்டினவளும் அடிபட்டுக் கிடந்தவளும்

சேரிக்குள் கிறித்தவம் வந்த கதையை எழுதுகிறவர்கள் பள்ளிக்கூடம் வந்ததை எழுதுகிறார்கள், ஆஸ்பத்திரி வந்ததை எழுதுகிறார்கள், 1876-78 பஞ்சத்தில் கஞ்சி ஊற்றியதையும் அதையொட்டிக் கூட்டங்கூட்டமாகச் சனங்கள் ஞானஸ்நானம் வாங்கியதையும் எழுதுகிறார்கள். எல்லாம் நிஜம்தான். வந்ததைக் கணக்குப் பார்த்த நாம் போனதைக் கணக்குப் பார்க்கவில்லை. போனவற்றில் ஒன்று, அடிக்கிற புருஷனை விட்டு வெளியேறுகிற உரிமை.

நம்ம சனங்களிடம் அது இருந்தது. 'தீத்துவிடுறது', 'அறுத்துக் கட்டுறது' என்று அதற்குப் பேரும் இருந்தது. ஒத்துவரவில்லை என்றால் பொண்ணு வீட்டார் பஞ்சாயத்தைக் கூட்டுவார்கள், பரிசப் பணத்தைத் திருப்பிக் கொடுப்பார்கள், தாலியைக் கழற்றி வைத்துவிட்டு அவள் நடையைக் கட்டுவாள். உழைக்கும் சாதிகள் சிலவற்றில் ஒரு துரும்பைக் கிள்ளிப் போட்டாலே முடிந்தது. அப்புறம் இன்னொருத்தனைக் கட்டிக்கொள்வாள். அந்தப் பஞ்சாயத்து சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை. உட்கார்ந்தவன் எல்லாம் ஆம்பிளை. அபராதமும் அவள் தலையில்தான் அதிகம் விழுந்தது. ஆனாலும் வாசல் ஒன்று திறந்திருந்தது.

ஊர்த்தெருக்காரன் இதைச் சொல்லித்தான் நம்மை ஏசினான். 'அறுத்துக் கட்டுற சாதி'. வெள்ளைக்காரப் பாதிரிக்கும் இது அசிங்கமாகத்தான் பட்டது. மரியாதையாகத் தலைநிமிர ஆசைப்பட்ட நம்ம சபைப் பெரியவர்களும் அதற்குத் தலையாட்டினார்கள். பார்ப்பனப் பெண்ணின் மேல் கட்டிய கற்பு விலங்கை வேதாகமத்தின் பேரால் நம்ம பொண்ணுக காலில் மாட்டிய வேலையில் மூன்று கைகளுக்குப் பங்கு உண்டு. மூன்றாவது கை நம்முடையது.

சட்டம் அதற்குப் பூட்டுப் போட்டது. 1866இல் மதம் மாறியவர்களுக்கென்று ஒரு மணமுறிவுச் சட்டம் வந்தது. மதம் மாறியதைக் காரணம் காட்டிப் புருஷனோ பெண்டாட்டியோ சேர்ந்து வாழ மறுத்தால் அந்தக் கல்யாணத்தை ரத்து செய்யலாம் என்றது. அடி உதை பற்றி அதற்குக் கவலை இல்லை. 1869இல் வந்த இந்திய விவாகரத்துச் சட்டம் ஆணுக்கு ஒரு நீதி, பெண்ணுக்கு ஒரு நீதி சொன்னது. பெண்டாட்டி தப்பு செய்தாள் என்று மட்டும் நிரூபித்தால் ஆணுக்கு விவாகரத்து. பெண்ணோ, புருஷன் இன்னொருத்தியோடு போனதையும் நிரூபிக்கணும், அதோடு கொடுமையையோ இரண்டு வருஷம் கைவிட்டுப் போனதையோ சேர்த்து நிரூபிக்கணும். வெறும் அடிக்கு விவாகரத்து கிடையாது. 'நீதிமன்றப் பிரிவு' என்று ஒன்று கிடைக்கும். தனியாக இருக்கலாம், வேறு வாழ்க்கை அமைத்துக்கொள்ள முடியாது. மாவட்ட நீதிமன்றம் விவாகரத்து கொடுத்தால்கூட உயர்நீதிமன்றம் உறுதிசெய்ய வேண்டும். களை பறிக்கப் போகிறவள் எந்தக் காலத்தில் சென்னைக்குப் போய் நிற்பது?

இதற்கு மூலம் இங்கிலாந்தின் 1857ஆம் வருஷச் சட்டம். அவன் ஊரில் 1923இல் ஆண் பெண் பேதத்தை நீக்கினான், 1937இல் கொடுமையைத் தனிக் காரணமாகச் சேர்த்தான். இங்கே சுதந்திரம் வந்த பிறகும் பழைய பூட்டே தொங்கியது. 1955இன் இந்துத் திருமணச் சட்டம், வழக்கப்படி தீர்த்துக்கொள்ளும் உரிமையை 29ஆம் பிரிவில் விட்டுவைத்தது. ஆக, ஒரே சேரியில் இந்துவாக இருந்த அக்கா தீத்துவிட்டுப் போகலாம். கிறித்தவத் தங்கச்சி போக முடியாது. ஊருக்குள் பறச்சி, இட ஒதுக்கீட்டுக்கு 1950 உத்தரவின்படி கிறித்தவள், அடிவாங்குவதற்கும் கிறித்தவள்.

சட்ட ஆணையம் 1960இலும் 1983இலும் மாற்றச் சொன்னது. கேரள உயர்நீதிமன்றம் 1995இலும் மும்பை உயர்நீதிமன்றம் 1997இலும் அந்தப் பாரபட்சம் செல்லாது என்றன. நாடாளுமன்றம் அசைய 2001 ஆயிற்று. கொடுமை தனிக் காரணமாக ஏற 132 வருஷம்! பாமாவின் 'சங்கதி' வந்தது 1994இல். அதிலே அடிவாங்குகிற நம்ம பெண்களுக்கு அன்றைக்கு இந்தச் சட்டம்தான் சட்டம்.

சட்டம் திறந்துவிட்டது. கோயில் திறந்ததா? மூஞ்சி வீங்கி வருகிறவளிடம் சாமியாரோ போதகரோ சொல்வது ஒன்றுதான். "பொறுத்துக்கம்மா, அவனுக்காக செபம் பண்ணு." அப்புறம் இரண்டு பேரையும் எதிரெதிரே உட்காரவைத்து சமாதானம் பேசுவார். அவன் அங்கே தலை குனிவான். அங்கே அவள் வாய் திறந்து சொன்னதற்கெல்லாம் ராத்திரி வீட்டில் தனியாக வட்டி வாங்கிக்கொள்வாள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. 1983 தொகுப்பின் 1153ஆம் விதி, துணையின் உடலுக்கோ மனசுக்கோ பிள்ளைகளுக்கோ பெரிய ஆபத்து உண்டாக்குகிறவனை விட்டுப் பிரியலாம் என்கிறது. தாமதித்தால் ஆபத்து என்றால் ஆயரைக் கேட்காமல் தானே போய்விடலாம். 1917 தொகுப்பிலும் இதற்கு வழி இருந்தது. போப் பிரான்சிஸ் 2016இல், சில நேரம் பிரிவது தார்மீகக் கடமையே என்று எழுதினார். எந்தப் பிரசங்கத்தில் இதைக் கேட்டிருக்கிறோம்? சீர்திருத்த சபைகளின் நிலையும் வேறல்ல. உலகத் திருச்சபைகள் மாமன்றம் 1988 முதல் 1998 வரை பெண்களோடு தோழமை என்று ஒரு பத்தாண்டு நடத்தியது. சபை சபையாகப் போன குழுக்கள் போன இடமெல்லாம் அடிபட்ட கதையைத்தான் கேட்டு வந்தன.

நம்ம இயக்கத் தோழர்கள் சிலர் வேறு மாதிரி சொல்கிறார்கள். 'வீட்டுச் சண்டையை வெளியே பேசினா ஊர்க்காரன் சிரிப்பான், முதலில் சாதியைப் பார்ப்போம்.' ஊர்க்காரன் சிரிப்பான் என்றுதானே நூறு வருஷத்துக்கு முந்தி அறுத்துக் கட்டுறதையும் விட்டோம்?

வேறு மதத்தில் ஒரு வழி நடந்திருக்கிறது. முஸ்லிம் ஜமாத்துகளில் ஆண்களே உட்கார்ந்து, பெண்ணை வெளியே நிறுத்திவிட்டு அவள் வாழ்க்கைக்குத் தீர்ப்புச் சொன்னார்கள். புதுக்கோட்டையில் 'ஸ்டெப்ஸ்' அமைப்பை நடத்திய தாவூத் ஷரீபா கானமும் மற்றப் பெண்களும் 2000களின் தொடக்கத்தில் தங்களுக்கென்று பெண்கள் ஜமாத்தை உண்டாக்கினார்கள். அவர்களே விசாரித்தார்கள், புருஷன் வீட்டாரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள், போலீசுக்கும் போனார்கள். தீபா தன்ராஜ் 2011இல் இதைப் படமாக எடுத்தார். மதத்தை விட்டு அவர்கள் வெளியே போகவில்லை. பாயை விரித்து உள்ளேயே உட்கார்ந்தார்கள்.

மாதா சபையும் பெண்கள் ஐக்கிய சங்கமும் நம்மிடம் எதற்கு இருக்கிறது? பலகாரம் சுட்டுப் பண்டிகைக்குப் பணம் சேர்க்க மட்டுமா? பங்குக் கட்டடத்தில் நாலு நாள் தங்க ஓர் அறை கொடுக்கலாம். அவள் அங்கே இருப்பதை யாரிடமும் சொல்லாமல் இருக்கலாம். 2005இல் இயற்றி 2006 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் எல்லா மதத்துக்கும் பொது. அதன்படி பாதுகாப்பு அலுவலரிடம் கூட ஒரு பொம்பளை துணைக்குப் போகலாம். வீடு புருஷன் பேரில் இருந்தாலும் அங்கே குடியிருக்க அவளுக்கு உரிமை உண்டு என்பதைக் கோயிலில் அறிவிக்கலாம். இரண்டாவது கல்யாணம் பண்ணினவளை நன்மை வாங்கும் வரிசையிலிருந்து விலக்கி நிறுத்துகிறவர்கள், பெண்டாட்டியை அடிக்கிறவன் அதே வரிசையில் வரும்போது என்ன செய்கிறார்கள் என்றும் கேட்கலாம்.

விவாகரத்துக்கோ ஜீவனாம்சத்துக்கோ போனால் கோர்ட்டில் முதலில் கேட்பது கல்யாணச் சான்றிதழ். கோயில் கல்யாணத்துக்கு அந்தப் பதிவேடு சாமியார் அறை அலமாரியில் இருக்கிறது. நகல் கேட்டு வருகிறவளை 'எதுக்கும்மா?' என்று திருப்பி அனுப்பாமல், அன்றைக்கே எழுதி முத்திரை குத்திக் கொடுக்கட்டும்.