கடாம்

தேவர்சோலைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் கன்னம் நனைந்த கொம்பன் யானை தென்பட்டால், "மதம் பிடிச்சிருக்கு" என்று ஊரே ஒதுங்கும். கண்ணுக்கும் காதுக்கும் இடையே உள்ள சுரப்பியிலிருந்து வழியும் அந்த நீருக்குப் பழந்தமிழ்ப் பெயர் கடாம். மலையை யானையாகவும் அதில் எழும் ஓசைகளைக் கடாமாகவும் கண்டதால்தான் பத்துப்பாட்டில் ஒரு நூல் மலைபடுகடாம் ஆயிற்று.

'மதம்' வடசொல், மயக்கம், களிப்பு என்று பொருள். சமயத்தைக் குறிக்கும் மதம் வேறு வடசொல். தமிழெழுத்தில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. ஆங்கிலம் எடுத்துக்கொண்ட 'மஸ்த்' பாரசீகம்: போதையேறிய நிலை. மதமும் மஸ்த்தும் வெறியைப் பேசுகின்றன. கடாம் நீரைச் சொல்கிறது. பிடியானை மோந்து பார்ப்பதும் அதைத்தான்.

பிடி கருக்கொள்ளக்கூடியது ஏறக்குறைய நான்கு மாதத்துக்கு ஒருமுறை, சில நாள்களே. சூல் சுமப்பதோ சுமார் 22 மாதம். அவ்வளவு விலை கொடுப்பவள் தேர்ந்தெடுக்காமல் இருப்பாளா? கென்யாவின் அம்போசெலியில் ஆய்வாளர் ஜாய்ஸ் பூல் யானைகளைப் பல ஆண்டுகள் கவனித்தார். பிடிகள் இளங்களிறுகளைத் தவிர்த்து, கடாம் ஒழுகும் மூத்த களிறுகளின் அருகே நின்றன. அசாமின் காசிரங்காவில் ஆசிய யானைகளை ஆராய்ந்த செல்லையாவும் இராமன் சுகுமாரும், களிறுகளின் போட்டியில் தந்தத்தையும் உடற்பருமனையும் கடாம் விஞ்சுவதைக் கண்டனர்.

கடாம் பொய் சொல்வது கடினம். நல்ல தீனியும் உடல்வலுவும் உள்ள களிறே மதநிலையில் வாரக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். கடாத்தின் மணமும் வயதோடு மாறுகிறது. இளையது யார், முதிர்ந்தது யார் என்பதைப் பிடி தும்பிக்கையாலேயே பிரித்தறிகிறது.