வெலிங்டன் ஸ்டாஃப் காலேஜ்

நீலகிரியில் குன்னூரை அடுத்துள்ள வெலிங்டனில், முப்படை அதிகாரிகளும் ஒன்றாகப் படிக்கும் பாதுகாப்புப் பணியாளர் கல்லூரி இயங்குகிறது. இதன் வரலாறு 1905-இல் மகாராஷ்டிரத்தின் தேவலாலியில் தொடங்கியது. தலைமைத் தளபதி கிச்சனர் பிரபுவின் முயற்சியால் உருவான கல்லூரி, 1907-இல் குவெட்டாவுக்கு மாறியது. 1947 பிரிவினையில் குவெட்டா பாகிஸ்தானுக்குப் போனதால், இந்தியா தனக்கென ஒரு கல்லூரியை வெலிங்டனில் அமைத்தது. அதன் முதல் தலைவர் எஸ். டி. வர்மா. 1948-இல் முதல் வகுப்பு தொடங்கியது.

தரைப்படைக்கென இருந்த பயிற்சி, விரைவில் கடற்படைக்கும் விமானப்படைக்கும் விரிந்தது. இரண்டாம் உலகப் போர் தந்த பாடம் அதற்குப் பின்னணி: தரை, கடல், வான் மூன்றும் கைகோக்காமல் வெற்றியில்லை.

பயிற்சி ஏறத்தாழ ஓராண்டு. தரைப்படை அதிகாரிகள் போட்டித் தேர்வெழுதி இடம் பெறுகிறார்கள். சிண்டிகேட் எனப்படும் சிறு குழுக்களே வகுப்பின் உயிர்நாடி. ஒரு போர்ச் சூழல் தரப்படும். குழுவினர் வரைபடத்தைப் பார்த்துத் திட்டம் தீட்டி, பயிற்றுநர் முன் வாதாடி நிலைநாட்ட வேண்டும். மனப்பாடத்தை விடத் தீர்மானிக்கும் திறனே இங்கு முக்கியம். நட்பு நாடுகளின் அதிகாரிகளும் உடன் படிக்கிறார்கள். சென்னைப் பல்கலைக்கழகம் முதுநிலைப் பட்டம் வழங்குகிறது.

பின்னாளில் இந்தியத் தரைப்படைத் தலைவரான சாம் மானெக்‌ஷா இங்கே தலைவராக இருந்தவர். கல்லூரியின் சின்னம் ஆந்தை. குறிக்கோள், அறிவோடு போரிடுதல்.